அண்டை நாட்டுத் தலைநகருக்கு ஒரு பகற்பயணம்



அண்டை நாடு ஒன்றின் தலைநகரைப் பார்த்து வருவது என்றவுடன், கடவுச்சீட்டும் கப்பலும் ஆகாய விமானமுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நான் கூறப்போகும் பயணத்துக்கு அவற்றுள் ஒன்றும் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறையில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினால், நடுவழியில் மூன்று நான்கு ஊர்களில் இறங்கிப் பார்த்தும், பகலுணவு வேளைக்குள் அத்தலைநகரை அடைந்துவிடலாம். விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு திரும்பியும் விடலாம். அந்தத் தலைநகரம் திருவனந்தபுரம். அது ஒரு காலத்தில் எங்கள் தலைநகரமாகவே இருந்தது என்பதுதான் இப்பயணத்தின் விசேஷம்.

‘நாடு’ என்னும் சொல்லைப் பற்றி முதலில் ஓரிரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுபவன். ஆதலால் சொற்களின் எல்லைகளைப் பற்றிய கவலை எனக்கு அன்றாட அலுவல். இந்தியா நமது நாடு, தமிழகம் தமிழ்நாடு, அதன் தென்கோடியில் நாஞ்சில் நாடு, அதை ஆண்டது வேணாடு, அந்த வேணாட்டை உள்ளிட்ட மேற்குக் கரை முழுவதும் பண்டை வழக்கில் மலைநாடு. பெரிதும் சிறிதுமான இத்தனை நிலப்பரப்புகளுக்கும் நாம் ஒரே சொல்லைக் கையாண்டு வருகிறோம். ஆகவே அண்டை நாடு என்று நான் கூறும்போது அயல் தேசம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். ஆனால், அயல் தேசமாகவே ஆகிவிடுமோ என்ற ஐயம் எழுந்த நாள்களும் உண்டு என்பதை மறந்துவிடவும் வேண்டாம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கெனச் சக்கரம், பணம் என்னும் தனி நாணயங்கள் இருந்தன. ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால் முறை இருந்தது. அது 1951-ஆம் ஆண்டில்தான் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டே அங்கு வழங்கியது. குமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களில் இன்றும் அவ்வாண்டைக் காணலாம். 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக விளங்கும் என்று அதன் திவான் சர் சி. பி. இராமசுவாமி ஐயர் அறிவித்தார். மக்களின் எதிர்ப்பு மூண்டது. ஜூலை மாத இறுதிக்குள் மகாராஜா இந்திய யூனியனில் சேர இசைந்தார். அந்த அறிவிப்பு நிலைத்திருக்குமானால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சமஸ்தானத்தின் தெற்கு வாயில் அன்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. நாகர்கோவில்காரர் ஒருவர் திருநெல்வேலிக்குச் செல்லவே கடவுச்சீட்டு வேண்டியிருந்திருக்கும். திருவனந்தபுரத்துக்குச் செல்ல அவரை எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். இன்றைய நிலைக்கு அது நேர் எதிர்.

பிறகு நிகழ்ந்த மாறுதல்கள் வேகமானவை. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தமிழ் பேசும் தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதன் தலைவர்களில் முதன்மையானவர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் உயிர்கள் பலியாயின. மாநில மறுசீரமைப்புக் குழு 1955-இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன்படி 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்குக் கிடைத்தது. போராட்டக்காரர்கள் கேட்டவற்றுள் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. மலையாளம் பேசுவோர் பெரும்பான்மையினராக இருந்த நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலிருந்த தாலுகா எல்லை, ஒரே இரவில் மாநில எல்லையாயிற்று.

என் தந்தையாரின் தமக்கை ஒருவர் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் வயது. 1954-ஆம் ஆண்டில் குழித்துறையிலிருந்து பாறசாலைக்கு மணமாகிச் சென்றவர். அன்று அது ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், அதே இராஜ்யத்தில் இருந்த பக்கத்து ஊர். இரண்டு ஆண்டுகள் கழித்து, பிறந்த வீடு ஒரு மாநிலம், புகுந்த வீடு வேறொரு மாநிலம் என்று ஆயிற்று. “நான் எங்கயும் போகல்ல மக்களே, எல்லைதான் எடையில வந்து நின்னுது” என்று அத்தை சொல்வதுண்டு. சென்ற மாதம் அவரைக் காணச் சென்றபோது, ஒரு பகற்பொழுதை ஒதுக்கித் தலைநகர் வரை போய்வந்தேன். வழியில் கண்டவற்றையே இங்கே கூறுகிறேன்.

குழித்துறையில் தாமிரபரணி ஆற்றுப் பாலத்தைக் கடந்து வடமேற்காகச் செல்லும் பெருவழி, களியக்காவிளையில் தமிழ்நாட்டை விட்டு நீங்குகிறது. எல்லையைக் காட்டுவன சாவடிகளும், இருமொழிப் பலகைகளும், அங்கு வந்து திரும்பும் இரு மாநிலப் பேருந்துகளுமே. தோற்றத்தில் வேறு மாறுதல் ஏதும் இல்லை. அதே செம்மண், அதே இரப்பர்த் தோட்டம், அதே மரச்சீனி, அதே வாழை. ஊர்ப்பெயர்களும் மாறவில்லை. தமிழகத்தின் கடைசி ஊர் களியக்காவிளை. கேரளத்தின் முதல் ஊர் இஞ்சிவிளை. சற்று அப்பால் அமரவிளை. ‘விளை’ என்பது மேட்டுப்பாங்கான தோட்ட நிலத்துக்கு இவ்வட்டாரம் இட்ட பெயர். வயல் பள்ளத்திலும் விளை மேட்டிலும் இருக்கும். நிலத்தை உழுதவர்கள் பெயரிட்ட காலத்தில் கோடு போட்டவர்கள் வரவில்லை என்பதற்கு இப்பெயர்களே போதிய சான்று.

சொற்கள் மட்டும் இடம் மாறிப் பொருள் மாறுகின்றன. நமக்கு வெள்ளம் என்றால் பெருக்கு. அங்கே குடிக்கும் நீர். நமது பேச்சுவழக்கில் சம்சாரம் என்றால் மனைவி, அங்கே உரையாடல். நமக்குப் பட்டி என்பது சிற்றூர் அல்லது ஆட்டுக்கிடை; அங்கே நாய். நமக்குக் கச்சேரி என்றால் பாட்டு. அங்கே அரசாங்க அலுவலகம். ஆனால் இவ்வேறுபாடுகளைக் கொண்டு இரு மொழிகளும் தொலைவானவை என்று முடிவு கட்டலாகாது. நெருங்கிய உறவினரிடையேதான் இத்தகைய பிணக்குகள் நேர்கின்றன.

பாறசாலை, பழைய மகாதேவர் கோயிலைக் கொண்ட ஊர். புகைவண்டி நிலையமும் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1979-ஆம் ஆண்டில். நாகர்கோவில், கன்னியாகுமரி நிலையங்கள் இன்றும் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்துக்கே உட்பட்டவை. மாநிலத்தின் வரைபடம் ஒரு கோட்டைக் காட்டுகிறது; ரயில்வேயின் வரைபடம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

இவ்வூர்ப் பெயரைச் சங்கீத உலகம் நன்கறியும். பாறசாலை பொன்னம்மாள் 1924-இல் இங்கே பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் முதல் மாணவி அவரே. அந்நகரத்துக் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் பாடும் உரிமை நெடுங்காலம் ஆடவருக்கே இருந்து வந்தது. 2006-ஆம் ஆண்டில், எண்பதைக் கடந்த வயதில், அம்மண்டபத்தில் அமர்ந்து பாடி அந்தத் தடையை நீக்கியவரும் பொன்னம்மாளே. 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2021-இல் மறைந்தார். எல்லைச் சிற்றூர் ஒன்றிலிருந்து தலைநகருக்குச் சென்றவர், தலைநகரின் நெடுநாள் வழக்கத்தையே மாற்றினார் என்பது நினைக்கத்தக்கது.

பாறசாலையை விட்டு அமரவிளையை அடைந்தால் நெய்யாறு குறுக்கிடுகிறது. அகத்திய மலையில் பிறந்து பூவாறு என்னும் இடத்தில் கடலோடு கலக்கும் சிற்றாறு இது. சிறிய ஆறாயினும் இரு மாநிலங்களுக்கிடையே இதற்கு ஒரு வழக்கு உண்டு. நெய்யாற்று அணையின் இடது கரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகா வயல்களுக்கும் நீர் கொண்டு வருவதற்காக வெட்டப்பட்டது. எல்லை மாறிய பின்னரும் பல ஆண்டுகள் அந்நீர் வந்துகொண்டிருந்தது, 2004-இல் நின்றது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது அவர்கள் வாதம். ஒரே சமஸ்தானமாக இருந்தபோது வகுக்கப்பட்ட பாசனம் என்பது நம்மவர் வாதம். வழக்கின் நியாயத்தை நான் பேச வரவில்லை. விளவங்கோட்டில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று வாழைக்கும் இரப்பருக்கும் மாறியிருப்பதைச் சாலையிலிருந்தே காணலாம்.

இதே ஆற்றங்கரையில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, அருவிப்புறம் என்னும் இடம் உண்டு. நாராயண குரு 1888-ஆம் ஆண்டில் அங்கே சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். ஆலயத்தில் நுழையவும் உரிமை மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், தம் கையாலேயே ஓர் ஆலயத்தை நிறுவிய நிகழ்ச்சி அது. அவர் தவமிருந்த மருத்துவாழ்மலை இன்று குமரி மாவட்டத்தில் உள்ளது. நிறுவிய கோயில் கேரளத்தில் உள்ளது. மலையாளத்திலும் வடமொழியிலும் இயற்றியதோடு தமிழில் தேவாரப் பதிகங்களும் பாடியவர் அவர். அவரை எந்த மாநிலத்துக் கணக்கில் எழுதுவது?

நெய்யாற்றின்கரை நகரம் தாலுகாவின் தலைமையிடம். ஊர் நடுவே உள்ள கிருஷ்ணன் கோயிலில், வெளிப்புறத்தில், பட்டுப்போன பலாமரத்தின் அடிப்பகுதி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ‘அம்மச்சிப் பிலாவு’ என்பது அதன் பெயர். இளவரசர் மார்த்தாண்ட வர்மா பகைவருக்குத் தப்பி அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வரலாறும் கர்ணபரம்பரையும் கலந்த செய்தி. அந்த இளவரசரே 1729-இல் அரசரானார். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். 1750-இல் தம் இராஜ்யத்தைப் பத்மநாப சுவாமியின் திருவடியில் ஒப்படைத்து, சுவாமியின் தாசராக ஆட்சி புரிந்தார். குளச்சல் இன்று தமிழ்நாட்டில்; பலாமரம் கேரளத்தில். 1938 ஆகஸ்ட் 31 அன்று பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததும் இந்நகரத்தில்தான். நெய்யாற்றின்கரையில் 1938-இல் உயிர் நீத்தவர்களும், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954-இல் உயிர் நீத்தவர்களும் வெவ்வேறு கோரிக்கைகளுக்காக மாண்டவர்கள். இரு கோரிக்கைகளும் ஒரே தலைநகரை நோக்கி எழுந்தவை.

இந்தக் கிருஷ்ணன் கோயிலுக்கு ஆண்டுதோறும் மூன்று விருந்தினர் வருகிறார்கள். அவர்கள் மனிதர் அல்லர். பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டுச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, முதல் இரவு குழித்துறையிலும் இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்குகின்றனர். மூன்றாம் நாள் தலைநகரை அடைந்ததும், சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபமும், குமாரசுவாமிக்கு ஆரியசாலைக் கோயிலும், நங்கைக்குச் செந்திட்டைக் கோயிலும் இருப்பிடம். அந்தச் சரஸ்வதி கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது பரம்பரையான நம்பிக்கை.

தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில் இவ்விழாவும் அங்கேயே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது; அதன் பின் விழாவும் அங்கே சென்றது. தெய்வங்கள் மட்டும் விழா முடிந்ததும் ஊர் திரும்பின. 1956-க்குப் பின்னும் அவ்வழக்கம் நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் போலீசார் அணிவகுத்து மரியாதை செய்து அனுப்ப, கேரளப் போலீசார் அணிவகுத்து மரியாதை செய்து எல்லையில் ஏற்கிறார்கள். பத்மநாபபுரத்து அரண்மனையும் இவ்வாறே. நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரள அரசின் தொல்பொருள் துறை. இரு அரசுகளும் கூடிச் செய்த ஏற்பாடுகளில் இவ்வளவு நாகரிகமானவை பல இரா என்றே எண்ணுகிறேன்.

நெய்யாற்றின்கரைக்கும் தலைநகருக்கும் இடையில் பாலராமபுரம். பாலராம வர்மா ஆட்சியில், 1798-க்கும் 1810-க்கும் இடைப்பட்ட காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குலத்து நெசவாளர்களை வரவழைத்து இவ்வூரில் குடியேற்றினார்கள். அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணிகளை நெய்வது அவர்கள் கடமை. அவர்கள் வழிவந்தோரின் தெருக்களில் இன்னும் குழித்தறிகளின் ஓசை கேட்கிறது. முன்போல் எல்லா வீட்டிலும் இல்லை. வெள்ளைப் பரப்பில் பொற்சரிகைக் கரையிட்ட வேட்டியும் நேரியதும் இங்கே பெயர் பெற்றவை. ஓணத்தன்று ஒரு மலையாளிப் பெண் உடுக்கும் ‘கேரள உடை’யைத் தமிழ் வழிவந்த கைகளும் நெய்திருக்கக்கூடும். அவ்வீடுகளில் முதியோர் தமிழ் பேசுகிறார்கள். இளையோர் தமிழ் கலந்த மலையாளம் பேசுகிறார்கள். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கிறது.

நேமத்தையும் கரமனை ஆற்றையும் கடந்தால் தலைநகரம். மலையாளத்தில் அதற்குத் ‘தலஸ்தானம்’ என்று பெயர். மேடும் பள்ளமுமான தெருக்களில் சற்று நேரம் நடந்து, கிழக்குக்கோட்டை வாயிலை அடைந்தேன். பத்மநாப சுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து காண்பவர், தாம் திருநெல்வேலிச் சீமையிலேயே இருப்பதாக மயங்குவார். உள்ளே அனந்தசயனப் பெருமாளை மூன்று வாயில்களின் வழியாகக் காண வேண்டும். நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம் இது. வைணவர் போற்றும் மலைநாட்டுத் திருப்பதிகள் 13. அவற்றுள் திருவனந்தபுரம் கேரளத்திலும், திருவட்டாறும் திருவண்பரிசாரமும் குமரி மாவட்டத்திலும் உள்ளன. ஆழ்வாரின் வரைபடம் மிகப் பழையது, இன்னும் திருத்தப்படவில்லை.

கோட்டைக்கு எதிரே சாலைக் கடைத்தெரு. இதனை அமைத்தவர் திவான் இராஜா கேசவதாஸ். அரிசி, மிளகாய், வெங்காயம், பாத்திரம், பூ என்று தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்ற இடம். இக்கடைத்தெருவைத் தம் கதைகளில் நிலைக்கச் செய்தவர் ஆ. மாதவன், இங்கேயே கடை வைத்திருந்தவர். இந்நகரிலிருந்து எழுதியவர்களில் நகுலனும் நீல. பத்மநாபனும் உண்டு. தமிழ் நவீன இலக்கியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், தமிழ்நாட்டுக்கு வெளியே அமைந்த இந்த ஊருக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

வடக்கே சென்றால் அரசுச் செயலகம். 1869-இல் கட்டி முடித்த வெண்ணிறக் கட்டடம். அந்நாளில் அதற்கு ‘ஹஜூர் கச்சேரி’ என்று பெயர். அதன் எதிரே சிலையாக நிற்கும் திவான் சர் டி. மாதவராவ் கும்பகோணத்தில் பிறந்தவர். ஆங்கிலேயரை எதிர்த்து 1809-இல் உயிர் நீத்த வேலுத்தம்பி தளவாய் பிறந்த தலக்குளம் இன்று குமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்னும் சில அடி நடந்தால் யூனிவர்சிட்டி கல்லூரி. பழைய பெயர் மகாராஜா கல்லூரி. அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பகுதியிலிருந்துதான் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. 1970-இல் தமிழக அரசு அதனை ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. ஒவ்வொரு விழாவிலும் நாம் எழுந்து நின்று பாடும் பாட்டு, இன்று அண்டை மாநிலத் தலைநகராக உள்ள ஓர் ஊரில் வாழ்ந்தவர் எழுதியது. அவ்வூர் அன்று தமிழுக்கும் தலைநகரங்களுள் ஒன்றாக இருந்தது என்பதே இதற்குக் காரணம்.

வானொலியைப் பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரம் நிலையம் 1943-இல் சமஸ்தான வானொலியாகத் தோன்றி, 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியில் சேர்ந்தது. நாகர்கோவில் நிலையம் 1984-இல் வந்தது. சுங்கச்சாவடியும் சோதனைச்சாவடியும் சாலையில் செல்வனவற்றை நிறுத்தலாம். வானலைகளை நிறுத்தும் சாவடி இன்னும் அமையவில்லை. பாறசாலையில் அத்தை இரண்டு நிலையங்களையும் கேட்கிறார்.

ஒரு முறை மட்டும் அந்த எல்லை உண்மையாகவே எல்லையாயிற்று. 2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில், அனுமதிச் சீட்டு இன்றி எவரும் களியக்காவிளையைக் கடக்க இயலவில்லை. அந்நாள்களில் குழித்துறையில் என் தந்தையார் காலமானார். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த அவருடைய தமக்கையால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. எவரையும் குறை கூறுவதற்கில்லை; நோய் எவர்க்கும் பொதுவாக இருந்தது. ஆயினும் 64 ஆண்டுகளாகச் சாலையில் கிடந்த ஒரு கோடு, எங்கள் குடும்பத்துக்கு அன்று சுவராக எழுந்து நின்றது.

மாலையில் பாறசாலைக்குத் திரும்பினேன். அத்தை ஒரு தகரப் பெட்டியைத் திறந்து கடிதக் கட்டு ஒன்றை என் கையில் தந்தார். என் தந்தையார் அவருக்கு எழுதியவை, தமிழில் எழுதியவை. அத்தையின் மக்கள் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்தறியார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சும் குறைவு. “நீ சர்க்காருக்கு மொழிபெயர்க்கியே, இதையும் மலையாளத்தில எழுதித் தா மக்களே. நான் போன பொறவு இதுவளுக்கு வாசிக்க வேண்டாமா?” என்றார்.

மொழிச் சிறுபான்மையினரைப் பற்றி நமது அரசியலமைப்பு மௌனமாக இல்லை. மாநிலங்களைத் திருத்தியமைத்த அதே 1956-ஆம் ஆண்டில், ஏழாவது திருத்தத்தின் வழியாக 350-அ, 350-ஆ என்னும் இரு விதிகள் சேர்க்கப்பட்டன. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்பது முதலாவது. அவர்கள் உரிமைகளை ஆராயத் தனி அதிகாரி ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பது இரண்டாவது. கோடு போட்டவர்கள் கோட்டுக்கு இருபுறமும் தங்கிவிட்டவர்களை மறக்கவில்லை. பாறசாலையில் தமிழுக்கு உரியதே களியக்காவிளைக்கு இப்பால் மலையாளத்துக்கும் உரியது. ஆனால் சட்டம் வாயிலைத் திறந்து வைக்கலாம். குழந்தையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் பெற்றோரே. வீட்டில் ஒரு தலைமுறை எழுத்தை விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் தன் பாட்டியின் பெட்டியில் இருப்பதே அயல்மொழி ஆகிவிடுகிறது.

கட்டின் அடியில் இருந்த ஒரு தபால் கார்டு, கொல்லம் ஆண்டு 1132, ஐப்பசி மாதத் தேதியிட்டது. மாநிலம் பிரிந்த வாரத்தில் எழுதியது. என் தந்தையாருக்கு அப்போது பதினாறு வயது. ‘அக்காவுக்கு’ என்று தொடங்கி, இன்று முதல் நீ வேறு நாட்டில் இருக்கிறாயாம், ஆனாலும் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை வருவேன், எனக்கும் சேர்த்துச் சோறு வை என்று எழுதியிருந்தார்.

அன்றிரவே அதனை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். முதற்சொல்லிலேயே தயங்கினேன். அக்காவுக்கு மலையாளத்தில் ‘சேச்சி’ என்று எழுதுவதே ஏட்டு வழக்கு. அத்தையின் கொள்ளுப்பேரன் அருகில் நின்றுகொண்டிருந்தான். உன் மூத்தவளை எப்படி அழைப்பாய் என்று கேட்டேன். “அக்கன்” என்றான். தென் திருவிதாங்கூர் வட்டாரத்து மலையாளத்தில் இன்றும் தமையன் அண்ணன், தமக்கை அக்கன். அச்சொல்லை அப்படியே எழுதினேன்.

‘வேறு நாடு’ என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். மலையாளிக்கு நாடு என்றால் முதலில் தன் சொந்த ஊர். இரண்டு நாள் யோசித்தும் பொருத்தமான சொல் அகப்படவில்லை. அத்தையிடமே கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை ஒருமுறை படித்தார். “அத விட்டிரு மக்களே. அவன் ஞாயிற்றுக்கிழமை வந்தான், அத எழுது” என்றார்.